புளியிலும் உப்பு இருந்தது

எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தைராய்டு புற்றுநோய் திரும்பி வந்து, இரண்டாம் முறை ரேடியோ அயோடின் (எஞ்சிய புற்று செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்து) என்று முடிவானதும், அதற்கு முன் இருக்க வேண்டிய அயோடின் குறைத்த பத்தியத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே தேய்ந்த தாள். அதில் ருபார்ப் என்ற மேல்நாட்டுக் காய் சாப்பிடக் கூடாது, ஜப்பான்காரர்களின் சுஷி கூடாது என்றெல்லாம் இருந்தது. இட்லி மாவு, சாம்பார் பொடி, அப்பளம், ஊறுகாய் பற்றி ஒரு வரி கிடையாது. உப்பு என்ற இடத்தில் 'அயோடின் கலந்தது தவிர்க்கவும்' என்று மட்டும். வேறு உப்பு எங்கே கிடைக்கும் என்று கவுன்டரில் கேட்டதற்கு, "மளிகைக் கடையில கேளுங்க." மளிகைக் கடையில் கேட்டதற்கு, "அது இப்ப வர்றதே இல்லைங்க."

உப்புக் கதைக்கு வருமுன், வீணாய்ப் போன முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) ஏறியது, கழுத்து ஸ்கேன், ஊசி வைத்து எடுத்த பரிசோதனை, இரண்டாம் அறுவை எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தன. தடுக்கியது சிடி ஸ்கேனில். அறுவைக்குப் பிறகு நெஞ்சுப் பகுதியைப் பார்க்க வெளி ஸ்கேன் சென்டரில் 'கான்ட்ராஸ்ட்' என்ற மருந்து ஏற்றி சிடி எடுத்தார்கள். அந்த மருந்தே அயோடின்தான். சுரப்பிக்கு ஈடாகத் தினமும் போடும் தைராக்சின் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் உடல் வீங்கிச் சோர்ந்துபோன பிறகு, ரேடியோ அயோடின் கொடுக்கும் அணு மருத்துவத் துறைக்குப் போனால், முதல் கேள்வியே "கான்ட்ராஸ்ட் எப்ப போட்டீங்க?" போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. குறைந்தது ஆறு வாரம் போகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தைராக்சின் மறுபடி ஆரம்பித்து, மறுபடி நிறுத்தி, அதே சோர்வு இரண்டாம் தடவை. சிடி எழுதிக் கொடுத்தவருக்கு ரேடியோ அயோடின் வரப்போவது தெரியாது. தேதி கொடுத்தவருக்கு சிடி எடுத்தது தெரியாது. இடையில் இருப்பது நாம்தான். ஸ்கேன் சீட்டைக் கையில் வாங்கியதும் "கான்ட்ராஸ்ட் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் அணு மருத்துவத் துறைக்கு ஒரு போன் போட்ட பிறகு ஸ்கேனுக்குப் படுங்கள்.

இப்போது உப்பு. நாளொன்றுக்கு அயோடின் 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு வாரம். உடம்பில் எஞ்சிய புற்று செல்களை அயோடினுக்குப் பட்டினி போட்டால்தான், கதிரியக்க அயோடின் வரும்போது அவை அள்ளிக்கொள்ளும். நம் ஊர் அயோடின் உப்பில் கடைக்கு வரும்போது ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு டீஸ்பூன் உப்பு 5, 6 கிராம் வரும். அரை டீஸ்பூனிலேயே அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்கென்று அயோடின் இல்லாத உப்பை விற்க 2006-லிருந்து தடை. பதப்படுத்த, கால்நடைக்கு, தொழிற்சாலைக்கு என்று எழுதி விற்கலாம். அதனால்தான் கடைக்காரர் கையை விரிக்கிறார். நாங்கள் ஏமாந்த இடங்கள் மூன்று. ஒன்று, கல் உப்பு என்றால் அயோடின் இருக்காது என்று நினைத்தது. சூப்பர் மார்க்கெட் கல் உப்பு பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'அயோடின் சேர்த்தது' என்று இருந்தது. இரண்டு, இந்துப்பு. அதிலும் அயோடின் சேர்த்த பாக்கெட் உண்டு. மூன்று, "வாணலியில் வறுத்தா அயோடின் போயிடும்" என்ற யோசனை. உப்பில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். அது அவ்வளவு லேசில் ஓடாது. வறுத்த உப்பை நம்பி இரண்டு வாரப் பத்தியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாளில் கடல் உப்பும் கூடாது என்றிருந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று நமக்கு வருவதே கடல் உப்புதானே என்று மருத்துவரிடமே கேட்டோம். அயோடின் சேர்க்காத கல் உப்பு போதும், இயற்கையாக அதில் இருப்பது மிகக் கொஞ்சம் என்றார். கடைசியில் 'அயோடின் கலக்காதது, பதப்படுத்துவதற்கு' என்று பளிச்சென்று எழுதிய உணவுத்தர உப்பு ஒரு கிலோ ஆன்லைனில் கிடைத்தது. வர ஆறு நாள் ஆனது. அதனால் தேதி குறித்த அன்றே ஆர்டர் போடுங்கள். தோல் பதனிடவும் ஐஸ் கம்பெனிக்கும் போகிற மூட்டை உப்பு மலிவாகக் கிடைக்கும். அது சாப்பிடுகிற உப்பு இல்லை.

இதில் நாங்கள் செய்த பெரிய தப்பு, உப்பு வந்து சேரும்வரை உப்பே இல்லாமல் சமைத்தது. அயோடின் குறைத்த சாப்பாடு வேறு, உப்பில்லாச் சாப்பாடு வேறு. தைராக்சின் நிறுத்திய உடம்பில் சோடியம் ஏற்கெனவே இறங்கும் பக்கம் நிற்கும். அதோடு உப்பையும் நிறுத்தி, தண்ணீரையும் நிறையக் குடித்தால் தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் வரை போகலாம். ஐந்தாம் நாள் தலைசுற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 127, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. வயதானவர்களும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

உப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அப்போதுதான் புளி. வருஷப் புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்பு தூவி, ஜாடியில் அடைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அந்தக் கல் உப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஜாடியிலிருந்து ஒரு உருண்டை எடுத்து நாக்கில் வைத்தால் தெளிவாக உப்புக் கரித்தது. நான்கு நாள் ரசமும் வத்தக் குழம்பும் அந்தப் புளியில்தான் வைத்திருந்தோம். உப்பு போடாத புதுப் புளி கால் கிலோ வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் எலுமிச்சை, தக்காளி, மாங்காய் போதும்.

அதன் பிறகு அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் நக்கிப் பார்க்கிற வேலைதான். இட்லிப் பொடியில் உப்பு. தாளிப்பு வடகத்தில் உப்பு. மோர் மிளகாய், வற்றல், அப்பளம், ஊறுகாய், கடை இஞ்சி பூண்டு விழுது, கடை இட்லி மாவு எல்லாவற்றிலும் உப்பு. ஒரு தட்டில் கொட்டி விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் லேபிளைப் படிப்பதைவிட வேகம்.

சாம்பார் பொடி வீட்டில் அரைத்தோம்: கொத்தமல்லி விதை 100 கிராம், காய்ந்த மிளகாய் 50 கிராம், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 25 கிராம் வீதம், மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், வெந்தயம் ஒன்றரை டீஸ்பூன், விரலி மஞ்சள் ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு வீட்டுக்குத் தாராளம். இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். கரைக்கும்போது புது உப்பு. மாவு வழக்கம்போலவே பொங்கியது. ஒருவருக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று இரண்டு சமையல் வைக்காதீர்கள். மூன்றாம் நாள் கரண்டி மாறிவிடும். இரண்டு வாரம் வீடு முழுக்க ஒரே உப்பு, பழைய ஜாடி பரணில். அதற்கு அரைக் கிலோ உப்பு போதும்.

பால் சமாசாரம் உப்பைவிட வலிக்கும். பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர் எதுவும் கூடாது. தீவனத்திலிருந்தும், கறக்குமுன் மடியைத் துடைக்கிற அயோடின் கரைசலிலிருந்தும் பாலுக்கு அயோடின் வருகிறது. காலையில் கடுங்காப்பி. மதியம் தயிர் சாதம் இல்லாமல் சோறு இறங்காதவர்களுக்கு ஒரு வழி: ஒரு கப் சாதத்தைக் குழைய மசித்து ஆறவிட்டு, வீட்டில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கப், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், உப்பு சேர்த்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டவும். சூட்டோடு எலுமிச்சை பிழிந்தால் திரிந்துபோகும். தயிர் சாதம் என்று யாரும் ஏமாறமாட்டார்கள், ஆனாலும் சாப்பிட்டு எழுந்திருக்கலாம்.

மோர் ஒளிந்திருக்கிற இடங்களையும் பாருங்கள். மாத்திரை நிறுத்தியதில் மலச்சிக்கல் வரும், வாழைத்தண்டு சமைப்போம். நறுக்கிய தண்டைக் கறுக்காமல் இருக்க மோரில் போடுவது கைப்பழக்கம். வாழைப்பூவும் அப்படித்தான். அரிசி களைந்த தண்ணீரிலோ எலுமிச்சை பிழிந்த தண்ணீரிலோ போடுங்கள். கோழிக்கறி ஒரு வேளை, 150 கிராமுக்குள் சாப்பிடலாம், ஆனால் தயிரில் ஊறவைக்காமல். முட்டையில் வெள்ளை மட்டும். மீன், கருவாடு, இறால், கடல்பாசி, சோயா, பேக்கரி ரொட்டி, ஓட்டல் சாப்பாடு, சிவப்புச் சாயம் போட்ட மிட்டாய், எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவிவிடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி தைராய்டுக்கு ஆகாது என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். சுரப்பியே இல்லாதவருக்கு அது எதைக் கெடுக்கும்? அந்தப் பதினான்கு நாளும் எங்களைக் காப்பாற்றியதே கோஸ் பொரியல்தான்.

சமையலறைக்கு வெளியேயும் அயோடின் உண்டு. அறுவைக் காயத்துக்குப் போடும் பழுப்பு நிறப் போவிடோன் அயோடின் மருந்து, அதே மருந்தில் வாய் கொப்பளிப்பது, சில இருமல் மருந்துகள், சத்து மாத்திரைகள். பல் டாக்டரிடம் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரேடியோ அயோடின் கொடுக்கும் அன்று மருந்து இறங்கும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வெறும் வயிறு. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் முந்தின நாள் இரவு, அட்மிஷன் போட்டதும் வார்டுக்கு வந்த சாப்பாடு. சாம்பார், தயிர், அப்பளம். பத்தியத் தாள் கொடுத்த அதே கட்டிடத்தின் கேன்டீன்! கேட்டால், "எல்லா பேஷன்ட்டுக்கும் இதுதான்." வீட்டிலிருந்து இட்லி, என்ன உப்பு போட்டது என்று தெரிந்த பொடியை எண்ணெயில் குழைத்தது, வாழைப்பழம் கொண்டுபோயிருந்ததால் தப்பித்தோம். கதிரியக்கம் காரணமாகத் தனியறைக்குள் போன பாத்திரம் உடனே வெளியே வராது என்பதால் வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு கொடுத்துவிடுங்கள். மிச்சம் வைக்காத அளவு, எலும்பில்லாத சாப்பாடு. செல்போனுக்குப் பிளாஸ்டிக் உறை.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை உறிஞ்சும். முதல் 24 மணி நேரம் கழித்து எலுமிச்சைத் துண்டு, நெல்லிக்காய் என்று புளிப்பு கொடுக்கச் சொன்னார்கள். காதுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் விரலால் முன்னோக்கி நீவிவிடவும் வேண்டும். அப்படியும் இரண்டு மாதம் எல்லாவற்றிலும் இரும்பு வாசம் அடித்தது. எவர்சில்வர் ஸ்பூனை விட்டுக் கையால் சாப்பிட்டபோது கொஞ்சம் பரவாயில்லை. வாய் வறண்டு, உதிரிச் சாதம் தொண்டையில் நின்றது. அரிசிக்கு வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட வைத்துக் குழைய வடித்து, ரசம் ஊற்றிக் கரைத்தால் இறங்கும். மிளகாய் பாதி, மிளகு அதைவிடக் குறைவு.

இப்போது அன்றாடம் கடிகாரத்தோடுதான். ஐந்தரைக்குத் தைராக்சின், வெறும் தண்ணீரில். ஆறரைக்கு முன் காப்பி இல்லை. கழுத்தில் நிணநீர்க் கணுக்களை எடுத்தபோது, ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பியும் அடிபட்டதால் கால்சியம் மாத்திரை உண்டு. அது தைராக்சினிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி, மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளி. உதடோ விரல் நுனியோ மதமதத்தால் அது கால்சியம் இறங்குவதாக இருக்கலாம்; நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் ரத்தப் பரிசோதனை எண்ணே மாறி வரும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள்.

பத்தியத்தை முடிக்கலாம் என்று சொன்ன அன்றே பழைய ஜாடி பரணிலிருந்து இறங்கிவிட்டது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற வீட்டில் அயோடின் இல்லாத உப்பைத் தொடரக் கூடாது. மிச்சமிருந்த அரைக் கிலோவில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுத் தேதி ஒட்டி வைத்திருக்கிறோம். ஸ்கேனுக்கு மறுபடி இதே பத்தியம் சொன்னால், அந்தத் தடவை தொட்டுக்கொள்ள ஊறுகாயாவது இருக்கும்.