22ஆம் பக்கத்தில் அரைப் பக்கம்

பதினொரு வருஷம் அந்த அச்சகத்தில் தட்டச்சும் புறூவ் பார்ப்பதுமாக இருந்தேன். செத்தவருக்காக 31ஆம் நாளில் கொடுக்கிற நினைவு மலர்களில் யாரும் பிழை பிடிக்க வருவதில்லை. அதற்கு முதல் நாள் பின்னேரம் புத்தகப் பெட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி, மிச்சத்தைப் பற்றி ஆருக்குக் கவலை. அந்த ஐயாவும் பிழை பிடிக்கவில்லை. "பிழை ஒன்றும் இல்லைத் தம்பி" என்றுதான் சொன்னார். எத்தனையோ பேரின் பிறந்த தேதியை மாற்றி அடித்து, ஒருமுறை இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவையே வேறொருவருடையதோடு குழப்பி வாங்கிக் கட்டியிருக்கிறேன், அதெல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் போகவில்லை.

அவர் திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்தார். மனைவியின் நினைவு மலர். பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார், பழைய வாத்தியார் கையெழுத்து. அவற்றோடு கோடு போட்ட கொப்பித்தாளில் ஏழு பக்கம். மேலே 'எம்.கே. தியாகராஜ பாகவதர்' என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "அவவுக்கு விருப்பம்" என்றார், வேறு விளக்கம் இல்லை.

உண்மையாகச் சொன்னால் நல்ல கட்டுரை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அந்த அம்மா சின்னப் பிள்ளை. வீட்டுக்காரர் எல்லோரும் ஊரை விட்டு ஓடியபோது பெரியம்மா கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாவாம். அதில்தான் பாகவதர் பாட்டு. பிறகு பாகவதரின் வரலாறு: 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தது, திருச்சியில் வளர்ந்தது, சிறு பையனாக அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறியது, 1934இல் பவளக்கொடி படமானது. 1937 ஒரே வருஷத்தில் சிந்தாமணியும் அம்பிகாபதியும். அப்புறம் திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. பாபநாசம் சிவனின் பாட்டுகள். ஊரெல்லாம் இளந்தாரிகள் பாகவதர் கிராப்பு வைத்துத் திரிந்தது. கடைசியாக 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ். 'அப்படம் சென்னை பிராட்வே தியேட்டரில் நான்கு தீபாவளி கண்டது' என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது.

நான்கு இல்லை, மூன்று. பாகவதர் பாட்டில் எனக்கும் பைத்தியம் உண்டு, அதனால் தெரியும். மூன்றாகத் திருத்தினேன், அதில் இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தங்கத் தட்டில் சாப்பிட்டார், பன்னீரில் குளித்தார் என்றும் எழுதியிருந்தார், அதை நான் தொடவில்லை. எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். உண்மை உண்மை என்று பிறகு எனக்கு நானே வாதாடும்போதெல்லாம் இந்தத் தங்கத் தட்டு குறுக்கே வந்து நிற்கும்.

மூன்று என்று திருத்தும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 44, 45, 46. இந்த மூன்றில் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் பாகவதர் வெளியில் இருந்தார். மற்ற இரண்டுக்கும் சிறையில். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, சனம் பாட்டுக்குக் கைதட்டுகிறது, பாடினவர் உள்ளே. இது எவ்வளவு பெரிய விசயம், இதை எழுதாமல் ஒருவர் எப்படிப் பாகவதர் கதையை முடிக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

புறூவ் பார்க்க வந்தபோது கேட்டேன்.

"ஐயா, கட்டுரை தீபாவளியோட நிக்குது. அதுக்குப் பிறகு வழக்கு, மறியல் எல்லாம் இருக்குதே?"

கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட்டில் துடைத்தார். "தெரியும் தம்பி. அதுவரைக்கும் போதும்."

இவ்வளவுதான் பேச்சு. இந்த 'அதுவரைக்கும் போதும்' என்பதை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. எழுதிக் களைத்துவிட்டேன், எனக்கு ஏலாது என்றும் கேட்கலாம். செத்தவீடு முடிந்து மூன்று கிழமை, எண்பது வயது, ஏழு பக்கம் எழுதியதே பெரிது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் கேட்டது. அல்லது அப்படிக் கேட்டதாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பக்கக் கணக்கு. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நான்கு நான்காகத்தான் ஏறும். 24 பக்கத்துக்கு வந்து நின்றது, கட்டுரை முடிகிற 22ஆம் பக்கத்தில் பாதி வெறுமை. பெறாமகன் ஒருவர்தான் போனில் கணக்குவழக்கு பேசுகிறவர். அவரிடம் சொன்னபோது "வெறுமையா விடாமல் ஏதாவது போட்டு விடுங்கோ அண்ணை" என்றார். ஆக, என்னிடம் அனுமதி இருந்தது. இப்படியான இடத்தில் வழக்கமாக நாங்கள் ஒரு தேவாரம் போடுவோம். சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகம் கணினியில் எப்போதும் தயாராக இருக்கும், இழுத்து விட்டால் அரைப் பக்கம் நிரம்பும். நான் அதை இழுக்கவில்லை. இரவு ஏழு மணிக்கு மேல், முதலாளி போன பிறகு, இருந்து எழுதினேன்.

1944 நவம்பர் 8, தீபாவளி முடிந்து மூன்று கிழமையும் சொச்சமும். சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விட்டது. 1948இல் ராஜமுக்தி, ஓடவில்லை. அமரகவி, சியாமளா, புதுவாழ்வு. பழைய கூட்டம் திரும்பவில்லை. 1959 நவம்பர் 1, சென்னை பொது மருத்துவமனையில், 49 வயதில் முடிந்தது. சிவகாமி அவர் போன பிறகு வெளிவந்தது. மொத்தம் பதினான்கு படம். ஒன்பதை ஐயா எழுதினார், மிச்சம் ஐந்தையும் நான் எழுதினேன். எழுதி முடித்தபோது சந்தோசமாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. என் எழுத்து ஒன்று முதன்முதலாக அச்சில் வருகிறது, அதுவும் பெயர் இல்லாமல்.

300 பிரதி. 30ஆம் நாள் பின்னேரம் பெட்டி போயிற்று.

ஒரு கிழமை கழித்து மிச்சக் காசு கட்ட வந்தார். காசை எண்ணி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து 22ஆம் பக்கத்தை விரித்தார்.

"இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம் ஐயா."

"பிழை ஒன்றும் இல்லைத் தம்பி. நல்ல தமிழ்." கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதிலை இன்னும் ஒரு அம்பது அடிக்கலாமோ? இந்த இடத்திலை பதிகத்தைப் போட்டு."

அம்பதுக்குப் பிளேட் போட்டால் கட்டாது என்று சொன்னேன். கணக்கும் காட்டினேன், எவ்வளவு வரும் என்று. அது உண்மையான கணக்கு, முதலாளி இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அவர் "பரவாயில்லை" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு தாளை மட்டும் மாற்றிப் போட்டோக்கொப்பி எடுத்துப் பின் அடித்திருக்கலாம், என் கையாலேயே, ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடிகிற வேலை. இது எனக்குத் தெரியாமல் இல்லை.

வம்சாவளிப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு போடுவது வழக்கம், கனடா, இலண்டன், பிரான்ஸ் என்று. இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் அமரர். அவருடைய கையெழுத்துப் பிரதியில் மூத்த மகளுக்குக் கனடா. மகனுடைய பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் அடைப்புக்குறி மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக விட்டிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் கேட்கிறவன் இல்லை. நானும் கேட்கவில்லை, அடைப்பை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் அடித்தேன். புறூவில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், சரி என்கிற மாதிரி. அடுத்த பத்து நிமிடத்துக்குள்தான் நான் பாகவதரைப் பற்றிக் கேட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். பாகவதர் பாகவதர், நடந்தது நடந்தது, உலகமே அறிந்த வழக்கு, குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்ததையும்தானே எழுதினேன், அதை எழுதாமல் விட்டால் அது அவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா? ஆனால் அது பாகவதருக்கு அடித்த புத்தகம் இல்லை. ஹரிதாஸ் என்ன கதை என்று யோசித்தால், தாய் தகப்பனைத் துரத்திவிட்ட மகன் திருந்தி அவர்களிடமே வந்து சேர்கிற கதை. அந்த அம்மாவுக்கு அந்தப் படம் எதற்காகப் பிடித்தது என்று ஐயா எழுதவில்லை. கிராமபோன் பாட்டுக்காகவும் இருக்கலாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். நானாக ஒன்றைக் கட்டிக்கொள்கிறேனோ என்றும் தோன்றும்.

அச்சகத்தை விட்டு வரும்போது என் வேலைகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தேன். பேஜ்மேக்கர் பைல், இன்னும் திறக்கிறது. ஒருநாள் அந்த அரைப் பக்கத்தை அழித்துவிட்டுப் பதிகத்தைப் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மாதம் கழித்து, டிவியில் யாரோ பாகவதரைப் பற்றித் தாறுமாறாகப் பேசியதைக் கேட்ட ஆத்திரத்தில், அழித்ததை ஞாபகத்திலிருந்து திரும்ப அடித்தேன், தேதிகளோடு. பதிகத்தை அழிக்கவில்லை. இப்போது அந்தப் பைலில் 22ஆம் பக்கம் இரண்டு இருக்கிறது.