சிவனசமுத்திரம்: அருவியும் அதன் அடியில் ஒரு குளமும்

ஆகஸ்ட் 3, அல்சூர், பெங்களூர்

ஆடிப்பெருக்கு. அம்மா குழாயடியிலேயே மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டாள். தப்பே இல்லை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதானே! சிவனசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எடுத்து, தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏற்றி அனுப்புகிறார்கள். 1974-லிருந்து இப்படித்தான். மேலே நல்ல மழையாம். ஞாயிற்றுக்கிழமை அருவிக்கே போகிறோம்.

ஆகஸ்ட் 10, இரவு

கனகபுரா சாலையில் போய், மளவள்ளி தாண்டி ககனசுக்கி. காவிரி இங்கே இரண்டாகப் பிரிந்து நடுவில் தீவை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் விழுகிறது. மேற்குக் கிளைதான் ககனசுக்கி, சுமார் 90 மீட்டர். எதிர்க்கரையில் நின்றுதான் பார்க்க முடியும். அங்கேயே சாரல் அடித்து அம்மாவின் கண்ணாடி நனைந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி நனைந்தது. கடைசியில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

1902-இல் இங்கே மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-இல். அம்மாவின் அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. இந்த அருவிதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் சுற்றிக்கொண்டு பரசுக்கி, அதாவது கிழக்குக் கிளை விழும் இடம். உயரம் கொஞ்சம் குறைவு, ஆனால் பாறை அகலத்துக்கும் பரந்து விழுகிறது. எனக்கு இதுதான் அழகு. இந்தக் கொள்ளேகால் பக்கம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம். ராமசாமி முதலியார் என்பவர் கட்டிய பழைய கல்பாலமும் இங்கேதான், 2018 வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

குளத்துக்கு இறங்கும் படிகளை அடைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 11

அம்மா கல்யாணமான புதிதில் அந்தக் குளத்தில் குளித்திருக்கிறாள். பரிசலில் அருவிக்குக் கிட்டே போனது, முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்ததும் பொடிமீன்கள் காலைக் கடித்தது, அத்தையின் ஒரு கொலுசு தண்ணீரோடு போனது என்று இன்று முழுக்க அதே பேச்சு. அப்போதே பரிசல்காரர், "அந்தப் பாறையைத் தாண்டாதீங்கம்மா" என்று எச்சரித்தாராம். விழுகிற தண்ணீர் அடியில் பள்ளம் பறித்துவிடும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே சுழல் இழுக்கும். எத்தனையோ பிள்ளைகள் அங்கே மூழ்கிப் போய்விட்டார்கள். படியை அடைத்தது சரியான காரியம். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

டிசம்பர் 28

மறுபடி பரசுக்கி. தண்ணீர் பாதிக்கும் கீழே. பாறை கறுப்பாகத் தெரிகிறது, குளம் மேலிருந்து பார்க்கப் பச்சையாகத் தெளிந்திருக்கிறது. மின்நிலையத்துக்கும் எங்கள் ஊர்க் குழாய்களுக்கும் போனது போக மிச்சம்தான் இங்கே விழுகிறது. வாளி நிரம்பி வழிய விட்டுவிட்டு போன் பேசுகிற பெங்களூர்க்காரர்களை ஒருமுறை இங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

திரும்பும் வழியில் நடு அரங்கன் கோயில், காவிரித் தீவுகளில் இருக்கும் மூன்று அரங்கன்களில் நடுவில் இருப்பவர். ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆதி அரங்கனை அம்மா ஏற்கெனவே பார்த்தாயிற்று. பாக்கி ஸ்ரீரங்கம். பொங்கல் கழிந்ததும் ரயிலுக்குப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறாள்.