வாடகைப் பாக்கியோடு மத்தியஸ்த சபைக்குப் போனோம்

திருகோணமலையில் வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர் வீட்டில் வருமானம் நின்றுவிடும். வீட்டு உரிமையாளருக்கும் இது தெரியும், வழக்கமாகப் பொறுத்துக்கொள்வார். ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அதற்குப் பிறகு கடல் நன்றாக இருந்த நாட்களிலும் என் கணவரால் ஒழுங்காகத் தொழிலுக்குப் போக முடியவில்லை, எரிபொருளுக்கே மீன் காசு போய்விடும். அந்த வருட வாடைக்குக் கையில் எதுவும் இல்லை. பொங்கல் வரும்போது வாடகை மாதக்கணக்கில் பாக்கி.

உரிமையாளர் கெட்ட மனிதர் இல்லை, வங்கிக் கடன் அவரையும் நெருக்கியது. ஒரு நாள் பின்னேரம் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் வெளிக்கிடாவிட்டால் கரண்ட்டை வெட்டிப் பூட்டுப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாமான் கட்டத் தொடங்கிவிட்டேன். மாதர் சங்கத்தில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து, "ஏன் பிள்ளை கட்டுறாய்? அவரிட்ட கோர்ட் ஓடர் இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் அவரே என்னைச் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். வாடகை பாக்கி இருந்தாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உரிமையாளர் ஆட்களை வெளியேற்ற முடியாது என்றார்கள். மீறிப் பலவந்தமாக வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1979 இன் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது, சட்டத்தரணிகள் சுருக்கமாக "66 போடுவது" என்பார்கள். அதன் கீழ் வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளையிடலாம், மிச்சச் சண்டையைச் சிவில் வழக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பாக்கி பாக்கிதானே, வழக்கு வாடகை கட்டாது.

சங்கத்துப் பெண்கள் சிலர் உரிமையாளரின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாமல் கதைத்தார்கள். எங்களிடம் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்த மாதம் எடுக்க வேண்டியவர் தன் முறையை எனக்கு விட்டுத் தந்தார். தன் மகளின் சடங்குக்கு வைத்திருந்த சீட்டு அது. என் கணவரின் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கொஞ்சம் கடன் கிடைத்தது. பாக்கியில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அதை அப்படியே உரிமையாளர் கையில் கொடுத்திருக்கலாம், ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அக்கா விடவில்லை. காசு கொடுத்த பிறகும் அடுத்த வாடையில் இதே கதை வரும், எழுத்தில் போடு என்றார். எங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். இரண்டு பக்கத்தையும் கதைக்க வைத்து இணக்கம் காண, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் சபை இது. சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, நாமேதான் கதைக்க வேண்டும், எனக்கு அது நல்லதாகவே பட்டது. வாடகைப் பிரச்சினையைச் சபை வரை கொண்டுபோனால் மானம் போய்விடும் என்று என் கணவர் முணுமுணுத்தார். வீட்டுச் சாமான் தெருவில் கிடந்தால் மட்டும் போகாதா?

முதல் அமர்வில் உரிமையாளர் கோபமாகத்தான் இருந்தார். மத்தியஸ்தர்கள் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, இவரால் எவ்வளவு கட்ட முடியும், உங்களுக்கு எப்போது தேவை என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எழுதியது இதுதான்: சேர்ந்த காசு உடனே, மிச்சம் கடல் திறந்த பிறகு மாத வாடகையோடு சேர்த்துத் தவணையாக, ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட ரசீது, வீட்டை விடச் சொல்வதானால் மூன்று மாத முன்னறிவித்தல். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இணக்கம் வராவிட்டால் சபை அதற்கு ஒரு சான்றிதழ் தரும், அதை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தவணை முடிந்துவிட்டது, சீட்டுக் காசையும், முறையை விட்டுத் தந்தவரிடம் அவர் மகளின் சடங்குக்கு முன்னரே கொடுத்துவிட்டோம். கடற்றொழிலாளர் சங்கக் கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.