முக்காலி

"இதுல எப்படிடா ஏறுறது?"

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஜிம்னி காரின் கதவருகே நின்றார் அம்மா. நேற்றுதான் வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்டான 2 அங்குல லிஃப்ட் கிட் போட்டு, 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய 235/75 மாட்டி வந்தேன்.

ஸ்பிரிங் தூக்குவது பாடியைத்தான். பாறையில் இடிக்கக்கூடிய, அச்சோடு தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி டயரால் மட்டுமே உயரும். கணக்குப் போட்டால் வெறும் 20 மில்லிமீட்டர்!

பாறைக்கு 2 சென்டிமீட்டர். அம்மாவின் முழங்காலுக்கு, லிஃப்ட்டும் சேர்த்து, 7.

(டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் வேறு பொய் சொல்கிறது. முள் 60 காட்டினால் உண்மையில் 63-க்கு மேல்.)

மலைப்பாதைக்குப் போவது மாதத்தில் ஒரு ஞாயிறு. மற்ற நாளெல்லாம் மார்க்கெட், கோயில், அம்மா.

சரி, அடுக்களை முக்காலியைக் கொண்டுவந்து வைத்தேன். ஏறி உட்கார்ந்தார்.

"அதையும் பின்னாடி எடுத்துப் போடு. இறங்கணும்ல?"