தொட்டிக்குள் விட்ட கை

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் வேலைக்கு வந்து இது ஏழாவது பறிப்பு. சேலத்தில் பிறந்து, விவசாயப் பட்டப்படிப்பு முடித்த கையோடு மலையேறினேன். முதல் வருஷம் நான் கெடுத்த ஒரு தொட்டி காப்பி இன்னும் மனதில் கிடக்கிறது.

அராபிகா வகைக் காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்துவிடுவோம். உள்ளே கொட்டையின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். கழுவினால் போகாது. தொட்டியில் போட்டுப் புளிக்க விட்டால் தானாகக் கழலும். அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசிக் களத்துக்கு அனுப்ப வேண்டும். என் நோட்டில் 24 முதல் 36 மணி நேரம் என்று எழுதியிருந்தது. தப்பில்லை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எப்போது அலசுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

எங்கள் மேஸ்திரி ஐயா சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர். தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் தேய்ப்பார். வழுக்கினால் மூடச் சொல்வார். ஆற்று மணலைப் பிசைவது போல நறநறவென்று இருந்தால் அலசச் சொல்வார். அந்த ஜனவரியில் குளிர் கடுமை. குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். 24 மணி நேரம் ஆனதும் அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னும் கழலல கண்ணு. காலைல பாக்கலாம்" என்றார்.

காலையில் அடுத்த பழத்துக்குத் தொட்டி வேண்டும். நான் நோட்டைக் காட்டி அலசச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசவில்லை.

மூன்றாம் நாள் களத்தில் கொட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. நடுக்கோட்டுப் பள்ளத்தில் தங்கிய பசை பழுப்பாகியிருந்தது, புளிச்ச வாடை வேறு. அந்த லாட்டைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். எப்படித் தெரிந்தது என்று ஐயாவிடம் கேட்டேன். "கைக்குத் தெரியுது கண்ணு" என்றார். அவரிடம் இருந்த விளக்கம் அவ்வளவுதான்.

சரி, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம் என்று அந்தப் பருவம் முழுக்க அவர் தேய்த்ததை நானும் தேய்த்தேன். அவர் "ஆச்சு" என்றால் எனக்கும் ஆன மாதிரி இருக்கும். அவர் இல்லாத நாளில் எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் ஆள் பற்றாக்குறையால் களத்து வேலையும் என் தலையில் விழுந்தது. அதில்தான் மாற்றம் வந்தது. திங்கட்கிழமை நானே தொட்டு, நானே அலசச் சொன்ன காப்பியை அடுத்த வாரம் முழுக்க நானே கிளறினேன், சாயங்காலம் மூடினேன், காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்த்தேன். நடுவில் வெள்ளைத் தழும்பு தெரியாமல் சுத்தமாகப் பிளந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டிக் கிடந்த கொட்டையைப் பார்க்கும்போதெல்லாம், அன்று உள்ளங்கையில் அது எப்படி இருந்தது என்று யோசிப்பேன். ஏழெட்டு லாட் போனதும் கை பேச ஆரம்பித்தது.

அனுபவம் என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. இருபது வருஷமாக பல்ப்பர் ஓட்டும் ஒருவர் எங்களிடம் இருக்கிறார், அருமையான வேலைக்காரர். மிஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். தொட்டியைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் களத்துக்கு அவர் போனதே இல்லை. தான் எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தவருக்குத்தான் கையில் அறிவு இறங்குகிறது.

தண்டு துளைப்பான் பூச்சி விஷயத்திலும் இதையே பார்க்கிறேன். செடியின் தண்டில் லேசாக மேடு தட்டியிருக்கும், அதற்குள் புழு குடைந்து போயிருக்கும். நான் உட்கார்ந்து விரலால் தடவித் தேடுவேன். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அக்காமார் நடந்துகொண்டே "இது போச்சு" என்பார்கள். அவர்கள்தான் வருஷா வருஷம் அந்தச் செடிகளைப் பிடுங்கி, பிளந்து, புழுவைப் பார்த்துவிட்டு எரிப்பவர்கள். மருந்தடிக்கும் ஆட்களுக்கு அந்தக் கண் இல்லை.

சேலத்தில் என் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பொடி வைத்து ஊதும்போது வெள்ளி எந்த நிறத்துக்கு வந்தால் தீயை விலக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். யார் கற்றுக் கொடுத்தது என்று ஒரு தடவை கேட்டேன். அறுந்து திரும்பி வந்த கொலுசு என்றார். கடையிலிருந்து வருவதை எல்லாம் அவரே வாங்கி, எந்தப் பற்று விட்டிருக்கிறது என்று விளக்கடியில் பார்ப்பார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷமாக இந்தக் கை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது என் கவலை வேறு. பறிக்க ஒரு கூட்டம், தொட்டிக்கு ஒரு கூட்டம், களத்துக்கு ஒரு கூட்டம் என்று ஒப்பந்தத்தில் ஆள் வருகிறது. பருவம் முடிவதற்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். தான் செய்தது என்ன ஆனது என்று பார்க்க யாரும் இருப்பதில்லை.

இந்த வருஷம் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். தொட்டிக்கு ஒரு எண் போட்டு, அதே எண்ணைக் களத்தில் சாக்கட்டியால் எழுத வைத்திருக்கிறேன். தன் தொட்டியை அவன்தான் கடைசி வரை பார்க்க வேண்டும், வேறு யாரும் கிளறக் கூடாது. மேனேஜருக்கு இது நேர விரயமாகப் படுகிறது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அவன் தொட்டிக்குள் கையை விட்டு, தேய்த்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, மறுபடியும் ஒரு பிடி அள்ளித் தேய்த்தான். "மூடிடலாம்கா, விடியட்டும்" என்றான்.