ஃபோம் வாளுக்கு உள்ளே என்ன வைப்பது?

ஃபோம் சுற்றிய வாளும் கேடயமுமாகப் பொய்ச்சண்டை போடும் ஆட்டத்துக்காக முதல் வாள் செய்தபோது எந்த ஃபோம், எந்தப் பசை, மேலே போடும் துணி என்ன நிறம் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். உள்ளே போகிற தண்டுக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. வீட்டில் மிச்சம் கிடந்த அரை அங்குல பிவிசி குழாய், அவ்வளவுதான். பார்க்க அருமையாக இருந்தது. வீசினால்தான் வம்பு: கை முதலில் போகும், முனை நிதானமாகப் பின்னால் வரும். எதிரில் நின்றவர் கேடயத்தைச் சரியாகத் தூக்கித் தடுத்துவிட்டார், அப்படியும் வாள் கேடய விளிம்பில் வளைந்து அந்தப் பக்கம் போய் அவர் காதில் பளீரென்று விழுந்தது. எங்கள் ஆட்டத்தில் தலையில் அடிக்கக் கூடாது, அதனால் புள்ளியும் இல்லை, திட்டு மட்டும் மிச்சம்.

அன்றைக்குப் பிறகுதான் தண்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எது உடையாது? எல்லாமே ஒருநாள் உடையும். எவ்வளவு வளையும், உடைந்தால் எப்படி உடையும், இந்த இரண்டையும் கேளுங்கள்.

பிவிசியை முழுசாக ஒதுக்க மாட்டேன். குத்துவாள், கைக்கோடாரி மாதிரி 60 செ.மீ.க்குள் முடிகிற ஆயுதத்துக்கு அது போதும். அதற்கு மேல் நீளமானால் துவளும். அரை அங்குலம் என்று விற்கிற குழாயின் வெளிவிட்டமே 21 மி.மீ. வரை வரும், அதற்கு மேல் ஃபோமும் ஏறினால் வாள் தலையணை மாதிரி ஆகிவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள் சாய்த்து வைத்துவிட்டு மாலையில் எடுத்தால் வில்லாக வளைந்திருக்கும், பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும் என்பதால் அதற்கு முன்பே தொய்ய ஆரம்பிக்கிறது. கடுங்குளிரில் நேர் எதிர்: கண்ணாடி மாதிரிச் சிதறும், துண்டுகளின் ஓரம் கத்திக்குச் சமம்.

இப்போது என்னுடைய வாள்கள் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி நாரைப் பிசினில் இறுக்கிய தண்டு. இதில் விட்டத்தைக் கவனியுங்கள். உருட்டுத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும், எடையோ இரண்டாம் அடுக்காகத்தான் ஏறும். அதாவது 10 மி.மீ. தண்டுக்குப் பதில் 12 மி.மீ. எடுத்தால் எடை 44 சதவீதம் கூடும், விறைப்போ இரண்டு மடங்காகிவிடும். இதையே இன்னும் கொஞ்சம் இழுத்தால் குழாய்தான் புத்திசாலித்தனம் என்று புரியும், வளைவைத் தாங்குவது வெளிப்பக்கப் பொருள், நடுவில் இருப்பது பெரும்பாலும் சும்மா சுமை. கடையில் இரண்டு தண்டு கையில் இருந்தால் நான் செய்வது இதுதான்: ஒரு முனையை இறுக்கிப் பிடித்து ஒரு வெட்டு வெட்டிச் சட்டென்று நிறுத்துவேன். மறுமுனை எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பார்ப்பேன். நாலைந்து ஆட்டம் ஆடினால் கீழே வைத்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஃபைபர்கிளாஸின் இன்னொரு நல்ல குணம், போகும் முன் சொல்லிவிட்டுப் போகும். அடிபட்ட இடத்தில் நார் நெடுக வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், வளைத்தால் மெல்லிய நறநறப்பு கேட்கும். கெட்ட குணம் சிராய். ஒருமுறை சோம்பல்பட்டுக் கையுறை இல்லாமல் ரம்பம் போட்டேன். கண்ணுக்கே தெரியாத சிராய்கள் உள்ளங்கையில் ஏறி, மூன்று நாள் சட்டைப் பொத்தானைப் போடும்போதெல்லாம் சுருக் சுருக் என்று குத்தின. அறுக்கும் இடத்தில் முதலில் டேப்பைச் சுற்றுங்கள், தண்டை ஈரமாக்கி அறுங்கள், கையுறையும் முகமூடியும் கட்டாயம். அறுத்த முனைக்கு ஒரு சொட்டு எபாக்ஸி பசை.

கார்பன் ஃபைபர் பிடித்துப் பார்த்தால் ஆசை வரும். அதே அளவு ஃபைபர்கிளாஸைவிட எடை குறைவு, விறைப்பு இரண்டு மூன்று மடங்கு. பழைய கோல்ஃப் மட்டையின் கிராஃபைட் தண்டை (அதுவும் கார்பன் ஃபைபர்தான்) கழற்றி எடுப்பவர்களும் உண்டு, முனைப்பக்கம் சிறுத்துக்கொண்டே போவதால் வீச்சு பறக்கும். ஆனால் அது எச்சரிக்காது. நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று படக்கென்று இரண்டாகும், உடைந்த முனை ஈட்டி. அதனால் தண்டு முழுக்க நார் டேப்பை நெடுக ஒட்டி, அதன் மேல் சுற்றிவிடாமல் நான் ஃபோம் ஒட்டுவதே இல்லை.

மூங்கில் கிடைத்தால் விடாதீர்கள். லேசு, விறைப்பு, நடுவில் காலி, அதாவது மேலே சொன்ன குழாய்க் கணக்கு அதில் தானாகவே இருக்கிறது. முற்றியதாக, நன்றாகக் காய்ந்ததாக, கணுக்கள் நெருங்கியதாக எடுங்கள். வெடித்தால் நீளவாக்கில்தான் வெடிக்கும், டேப் பிடித்துக்கொள்ளும். பிரம்பு கெட்டி, பிளந்து குத்தாது, நுனி மட்டும் துடைப்பம் மாதிரிப் பிசிறும், ஆனால் கனம். மரமும் உலோகமும் பல ஆட்ட விதிகளில் கிடையாது, எனவே வாங்கும் முன் உங்கள் விதியைப் படித்துவிடுங்கள்.

எந்தத் தண்டானாலும் முனையை மூடுங்கள். திறந்த குழாய் முனை ஃபோமை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வரும். நான் முதலில் மூடி, அதன் மேல் ரப்பர் துண்டு, துணிச்சுற்று, அப்புறம் குறைந்தது 5 செ.மீ. ஃபோம் வைக்கிறேன்.

கேடயத்தில் கணக்கே வேறு. அங்கே எதிரி உங்கள் முன்கை. 90-க்கு 60 செ.மீ. அளவில் 6 மி.மீ. பிளைவுட் வெட்டினால் பலகை மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ. தூக்கும்போது ஒன்றும் தெரியாது, அரைமணி நேரம் கழித்துத் தோள் சொல்லும். பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டினால் வளைவு இலவசம், அந்த வளைவே விறைப்பைக் கொடுப்பதால் மெல்லிய சுவரே போதும். ஒரே தொல்லை, அந்த பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. எனக்கு முதல் ஆட்டத்திலேயே ஃபோம் மொத்தமும் தோலுரிந்த மாதிரி கழன்று காலடியில் விழுந்தது, எதிரணி கைதட்டியது. இப்போது ஃபோமைத் துணி உறைக்குள் தைத்து, அந்த உறையையே பீப்பாய்த் துண்டின் மேல் மாட்டி, பின்னால் கயிறு போட்டு இறுக்குகிறேன். லேசாக வேண்டுமென்றால் உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை இரண்டை எடுத்து, வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி சேருங்கள். ஒற்றை அட்டை வரி நெடுக மடங்கிவிடும்.

கைப்பிடி போல்ட்டின் தலை முன்பக்க ஃபோமுக்குள் புதைந்திருக்க வேண்டும், பின்னால் நீளும் மிச்சத்தை அறுத்துவிட்டு மேலே ஒரு ஃபோம் துண்டு. என் முழங்கைக்குப் பக்கத்தில் அந்த நட் போட்ட வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது.