புறம்போக்கில் குடியிருந்த பூட் மேனேஜர்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை இது. வரைபடப் பிரிவில் ஒரு கணினி. விண்டோஸும் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தன. எதில் நுழைவது என்று கேட்க, நானே ஒரு பூட் மேனேஜரை நிறுவியிருந்தேன். ஒரு காலையில் திரையில் 'லோடிங்' என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. மெனு வரவில்லை.

மீட்பு சிடியிலிருந்து மறுபடி நிறுவினேன், பத்து நிமிட வேலை. இரண்டு நாள் கழித்து அதே வரி. டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி வேறு டிஸ்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்தேன். அந்த வாரக் கடைசியில் மறுபடியும் அதே. அந்தக் கணினியில் உட்காரும் நண்பரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். "சார், நான் ட்ராயிங்கைத் திறந்தேன், மூடினேன். வேறு எதையும் தொடவில்லை" என்றார். நான் நம்பவில்லை. விடை அவர் சொன்ன அந்த முதல் வாக்கியத்திலேயே இருந்தது.

டிஸ்க் தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வைக்கும், அதில் ஒரு துண்டு ஒரு செக்டர். வேறு வழி தெரியாமல் டிஸ்கின் முதல் 63 செக்டர்களை ஒரு கோப்பாக எடுத்து வைத்தேன். அடுத்த முறை கணினி படுத்தபோது இன்னொரு நகல் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டேன். வித்தியாசம் 16,384 பைட் தாண்டியதும் தொடங்கியது. செக்டருக்கு 512 பைட் என்று வகுத்தால் சரியாக 32. அந்த ஒரே ஒரு செக்டர்தான் மாறியிருந்தது. கெட்டுப்போகிற டிஸ்க் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. யாரோ எழுதியிருக்கிறார்கள்.

டிஸ்கின் முதல் செக்டரான எம்பிஆரில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். மீதியில் 64 பைட் பார்ட்டிஷன்களின், அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகளின், பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. மெனு காட்டுகிற நிரல் 446 பைட்டில் எங்கே அடங்கும்? செக்டர்களை 0 முதல் எண்ணுவார்கள், எம்பிஆர்தான் 0. அன்றைய வழக்கப்படி முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும். நடுவே 62 செக்டர், ஏறக்குறைய 31 கேபி, சும்மா கிடக்கும். பூட் மேனேஜர்கள் அங்கேதான் தங்கள் பெரிய பாதியை வைத்தன. அந்த இடம் எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லை, எந்தக் கோப்பு முறைமையும் காவல் நிற்பதில்லை. அசல் புறம்போக்கு.

ட்ராயிங் மென்பொருளோடு வந்த லைசென்ஸ் பாதுகாப்பு நிரலுக்கும் அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. ஃபார்மட் செய்தாலும் அழியாத மூலை என்பதால், தன் ரகசியக் குறிப்பை 32ஆம் செக்டரில் ஒளித்து வைத்தது. அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறாரா என்று பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் பூட் மேனேஜரும் அங்கே பட்டா வாங்கிக் குடியேறவில்லை. அதனால் யார் மீதும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. இது என் ஒருவனுக்கு நேர்ந்த விநோதமும் இல்லை. பின்னாளில் கிரப் 2 என்ற லினக்ஸ் பூட் மேனேஜர், நிறுவும்போதே இப்படிப்பட்ட செக்டர்களை அடையாளம் கண்டு தாண்டிப்போகக் கற்றுக்கொண்டது. கூடவே, பூட் பகுதியில் தரவு வைக்க வேண்டாமென்று அந்த மென்பொருளை எழுதியவர்களிடம் கேட்டுக்கொள்ளும்படி ஓர் எச்சரிக்கையும் காட்டும்!

அந்த வசதி கிடைக்காத நான், எம்பிஆரில் விண்டோஸின் சொந்த நிரலையே திரும்பப் போட்டேன். பூட் மேனேஜரை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் நிறுவி, விண்டோஸ் மெனுவிலிருந்து அழைக்கும்படி செய்தேன். அழகில்லைதான், ஆனால் அப்புறம் ஒரு நாளும் விழவில்லை.

சில வருடங்களில் யூஇஎஃப்ஐ என்ற புதுத் தொடக்க முறை கொண்ட கணினிகள் வந்தன. பூட் மேனேஜர் இப்போது ஃபேட் என்ற கோப்பு முறைமை உள்ள பார்ட்டிஷனில் ஒரு சாதாரணக் கோப்பு. அதன் முகவரி மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். மதர்போர்டிலேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேரின் அப்டேட் ஒன்று அந்த முகவரியை மறந்துபோக, கோப்பு பத்திரமாக இருந்தும் அழைக்க ஆளில்லாத நிலையையும் பார்த்தேன். பதிவை மறுபடி சேர்த்ததும் சரியானது.

அப்படியொரு புதுக் கணினியை அதே நண்பரின் மேசையில் வைத்து, பூட் மெனு வருவதைக் காட்டினேன். அவர் மவுசைத் தொடாமல் என்னைப் பார்த்தார். "சார், இதில் ட்ராயிங் திறக்கலாமா?"